முழு ஒத்திகை பார்க்கவே முடியாத பயணம்: நிலவில் இறங்கும் கலத்தை எப்படித் தயார் செய்கிறார்கள்?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு இந்தியாவின் சந்திரயான்-3 அனுப்பிய விக்ரம் லேண்டர் (இறங்கும் கலம்) நிலவின் தென்பகுதியில் இறங்கியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அனுப்பிய லேண்டரும் விழுந்தது. 2024 பிப்ரவரியிலும் 2025 மார்ச்சிலும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு லேண்டர்கள் இறங்கின. இரண்டுமே சாய்ந்து விழுந்தன.

சோவியத்தின் லூனா-9, அமெரிக்காவின் சர்வேயர்-1 இரண்டும் 1966-லேயே நிலவில் இறங்கிவிட்டன. அறுபது ஆண்டுகளில் கணினிகள் எங்கோ போய்விட்டன. பிறகு ஏன் இன்னும் இந்தத் தடுமாற்றம் என்று ஒவ்வொரு தோல்வியின்போதும் கேள்வி எழுகிறது. முதலில் ஒரு திருத்தம்: அந்தக் காலமும் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ஏழு சர்வேயர்களில் ஐந்துதான் நல்லபடி இறங்கின. லூனா-9-க்கு முன்னால் மெதுவாக இறங்கப் போன சோவியத் கலங்கள் வரிசையாகத் தோற்றன.

கணினி வேகத்தைக் கூட்டினால் தீருகிற சிக்கல் இல்லை இது. நிலவில் இறங்குவதைப் பூமியில் ஒருமுறைகூட முழுதாக ஒத்திகை பார்க்க முடியாது. அதனால் அந்தப் பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். பெரும்பாலான தோல்விகள் துண்டுகளுக்குள் நடப்பதில்லை. ஒரு துண்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இணைப்பில்தான் நடக்கின்றன. சந்திரயான்-2 ஏன் விழுந்தது, சந்திரயான்-3 ஏன் நின்றது என்பதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் விளங்கும்.

எதை அனுப்புகிறோம்?

சந்திரயான்-3 புறப்பட்டபோது மொத்த எடை 3,900 கிலோ. அதில் உந்துவிசைக் கலம் 2,148 கிலோ. லேண்டரை நிலவுச் சுற்றுப்பாதை வரை சுமந்து செல்வது அதன் வேலை. லேண்டர் 1,752 கிலோ; அதன் வயிற்றுக்குள் இருந்த பிரக்யான் ரோவர் 26 கிலோ. லேண்டர் இறங்கி ஓரிடத்தில் நிற்கும், ரோவர் சக்கரங்களில் நகரும்.

பூமியில் ஏன் முழுதாகச் சோதிக்க முடியாது?

1. எடை. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஆறில் ஒரு பங்கு. 1,752 கிலோ லேண்டர் பூமியில் ஏறத்தாழ 17,170 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கப்படும். நிலவில் 2,840 நியூட்டன்தான். விக்ரமில் இருந்தவை தலா 800 நியூட்டன் உந்துவிசை கொண்ட நான்கு எஞ்சின்கள், ஆக 3,200 நியூட்டன். நிலவில் இது போதும். பூமியிலோ அதே லேண்டரைத் தரையிலிருந்து ஓர் அங்குலம்கூடத் தூக்காது. உண்மையான கலத்தை இங்கே பறக்கவிட்டுப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

2. காற்று. நிலவில் காற்றில்லை, எனவே பாராசூட் உதவாது. எஞ்சின் வெற்றிடத்தில் ஒரு மாதிரியும் காற்றில் வேறு மாதிரியும் எரியும். வெப்பமும் காற்று வழியே பரவாது. வெயில் படும் பக்கம் கொதிக்க, நிழல் பக்கம் உறையும்.

3. வேகம். இறங்கத் தொடங்கும் இடம் 30 கிலோமீட்டர் உயரம். அங்கே லேண்டர் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பக்கவாட்டில் பறந்துகொண்டிருக்கும். தரைக்கு அருகே அந்த வேகத்தில் சென்சார்களைச் சுமந்து பறக்கும் வாகனம் நம்மிடம் இல்லை.

இவற்றோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை நிலவுக்குப் போய்ப் பதில் திரும்ப இரண்டரை நொடி ஆகும். கீழே விழுந்துகொண்டிருக்கும் கலத்துக்கு அது மிக நீண்ட நேரம். ஆகவே இறங்கும் சுமார் 19 நிமிடமும் லேண்டர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். பெங்களூர் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இறங்குதலின் கட்டங்கள்

சந்திரயான்-3-க்கு வகுத்த திட்டம் இது.

1. முரட்டு வேகக்குறைப்பு: 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை, 690 நொடி. நான்கு எஞ்சின்களும் எரியும். வேகம் நொடிக்கு 1,680 மீட்டரிலிருந்து 358 மீட்டராகக் குறையும்.

2. நிலைபிடித்தல்: சுமார் 10 நொடி. 6.8 கிலோமீட்டர் வரை. கலம் திரும்பாமல் ஒரே நிலையில் பறக்க, கேமராவும் உயரமானிகளும் தரையைப் பார்த்து 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதைச் சரிபார்க்கும்.

3. நுட்ப வேகக்குறைப்பு: 175 நொடி. இதன் முடிவில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் வேகம் அநேகமாகப் பூஜ்யம். கலம் நிமிர்ந்து செங்குத்தாகிவிடும்.

4. செங்குத்து இறக்கம்: 150 மீட்டர் உயரத்தில் மீண்டும் நின்று, கேமராவால் பாறை, குழி, சரிவு பார்த்து, தேவையானால் பக்கவாட்டில் நகர்ந்து இறங்கும். எரிபொருள் பெருமளவு எரிந்து எடை குறைந்திருப்பதால் இங்கே இரண்டு எஞ்சின்கள் போதும்.

இரண்டாவது கட்டம் வெறும் 10 நொடிதானே என்று தோன்றலாம். அது ஏன் தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முதல் கட்டத்தில் லேண்டர் தன் இடத்தை உள்ளே இருக்கும் முடுக்கமானிகளை (வேகம் மாறுவதை அளக்கும் கருவிகளை) வைத்தே கணிக்கிறது. 'இவ்வளவு முடுக்கம், இவ்வளவு நேரம், ஆகவே இங்கே இருப்பேன்' என்ற அனுமானம். அந்தக் கணக்கில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகப் பிசகு ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 690 நொடி முடிவில் வேகத்தில் பிழை நொடிக்கு 7 மீட்டர். இடத்தில் பிழை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். கண்ணைத் திறந்து பார்க்காமல் அதற்கு மேல் போக முடியாது.

2019-இல் என்ன நடந்தது?

2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் விக்ரம் இறங்க முயன்றபோது முதல் கட்டம் ஒழுங்காகவே முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வேகம் அதிகமாகக் குறைந்தால் நல்லதுதானே? இல்லை. பக்கவாட்டு வேகம் குறைந்தால் கலம் குறித்த இடத்துக்கு எட்டாது.

2023 ஜூலையில் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் மூன்று காரணங்களை விளக்கினார்.

1. அந்த லேண்டரில் ஐந்து எஞ்சின்கள் இருந்தன. அவை எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. படமெடுப்பதற்காகக் கலம் திரும்பாமல் ஒரே நிலையில் பறக்க வேண்டிய கட்டத்தில் அந்த வித்தியாசம் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போனது.

2. சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமான திருப்பம் வரும் என்று யாரும் நினைக்காததால், மென்பொருளில் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தார்கள். கலம் அந்த வரம்பில் முட்டி நின்றது.

3. இறங்கும் இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னச் சதுரம். கீழே நெருங்கிவிட்ட நிலையிலும் கலம் அந்தச் சதுரத்தை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டியது.

இதில் எந்த உறுப்பும் பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் எரிந்தது, கேமரா படமெடுத்தது, மென்பொருள் எழுதியபடி நடந்தது. இரண்டாம் கட்டம் ஒரு நிலையில் கலத்தை ஒப்படைத்தது, மூன்றாம் கட்டம் வேறொரு நிலையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அவ்வளவுதான். குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் விக்ரம் மோதி விழுந்தது.

சந்திரயான்-3: தோல்வியை முன்வைத்து வடிவமைத்தல்

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-இல் வடிவமைப்பின் அடிப்படைக் கேள்வியே மாறியது. 'எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும்?' என்ற இடத்தில் 'எது எது கெட்டாலும் எப்படி இறங்கும்?' என்ற கேள்வி வந்தது. சென்சார் கெட்டால், எஞ்சின் கெட்டால், கணக்கு பிசகினால் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வழி தேடினார்கள். முக்கிய மாற்றங்கள்:

நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய நான்கும் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கக் கூடியவை.

இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. என்னைக் கேட்டால் எல்லா மாற்றங்களிலும் மலிவானதும் மிகப் பெரியதும் இதுதான். 'அந்தப் புள்ளிக்குப் போயே ஆக வேண்டும்' என்ற நெருக்கடி கலத்துக்கு இல்லாமல் போனது. இவ்வளவு பெரிய பரப்பில் பாறையும் குழியும் எங்கே என்று தெரிய வேண்டுமே! 2019-இல் லேண்டர் விழுந்தாலும் சந்திரயான்-2-இன் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் அதன் கேமராதான் இந்தப் பரப்பைப் படமெடுத்துத் தந்தது.

லேசர் டாப்ளர் வேகமானி புதிதாகச் சேர்ந்தது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்கும், தாண்டிப் போனதும் அதன் சுருதி தணியும் அல்லவா? அதே விளைவு ஒளிக்கும் உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் லேசரின் அலைவெண் எவ்வளவு மாறியது என்று பார்த்தால் வேகம் நேரடியாகக் கிடைத்துவிடும். முடுக்கமானியின் அனுமானத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாட்சி.

ஆபத்து கண்டறியும் கேமரா ஒன்றாக இருந்தது இரண்டானது. எரிபொருள் கூடியது, சூரியத் தகடுகளின் பரப்பு கூடியது. தாங்கக்கூடிய இறங்கு வேகம் நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர, கால்கள் வலுவாக்கப்பட்டன. 2-க்கும் 3-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4-க்கு 9. அதாவது கால்கள் இரண்டேகால் மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும்.

இந்த இடத்தில் கால்களைப் பற்றி ஒரு குறிப்பு. லேண்டர் கால்களில் சைக்கிளில் இருப்பது போன்ற ஸ்பிரிங்கை நம்புவதில்லை. அது ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து, ஈர்ப்பு குறைந்த இடத்தில் கலத்தைத் துள்ள வைத்துவிடும். தேன்கூடு போன்ற அலுமினிய அடுக்கு நசுங்கி ஆற்றலைத் தின்றுவிடுவதே வழக்கமான ஏற்பாடு. ஒருமுறைதான் நசுங்கும். எனவே பறக்கப் போகும் காலை முன்கூட்டியே சோதித்துவிட முடியாது. அதே மாதிரி செய்த இன்னொரு காலைத்தான் சோதிக்க வேண்டும்.

மூன்று பெரிய சோதனைகள்

1. எஞ்சின் எரியாத ஒருங்கிணைந்த சோதனை. எல்லாச் சென்சார்களையும் வழிகாட்டு மென்பொருளையும் ஹெலிகாப்டரில் பொருத்திப் பறந்தார்கள். உயரமானி, வேகமானி, கேமரா மூன்றும் தரும் தகவல்களை மென்பொருள் ஒன்றுசேர்த்துச் சரியான இடத்தையும் வேகத்தையும் சொல்கிறதா என்பதே கேள்வி. நிலவைப் போன்ற தரை வேண்டுமே என்று சந்திரயான்-2 காலத்திலேயே கர்நாடகத்தில் சள்ளகெரே அருகே உள்ளார்த்தியில் செயற்கைக் குழிகள் வெட்டியிருந்தார்கள்.

2. எஞ்சின் எரியும் ஒருங்கிணைந்த சோதனை. உயரமான கோபுரக் கிரேனில் கலத்தின் மாதிரியைத் தொங்கவிட்டு, எஞ்சின்களை எரியவிட்டு, சென்சார் சொல்வதைக் கேட்டு மென்பொருள் எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். பூமியின் ஈர்ப்புக்கு ஈடாக மாதிரி எடை குறைந்ததாக இருக்க வேண்டும். இதற்கு முன்னோடியாக, சந்திரயான்-2-க்கான எஞ்சின் செயல்திறன் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் நடந்தன.

3. கால் சோதனை. நிலவு மண் போன்ற மண் பரப்பிய மேடையில் பல வேகங்களிலும் சரிவுகளிலும் லேண்டரின் கால் அமைப்பை இறக்கிப் பார்த்தார்கள். 12 டிகிரி வரை சரிவில் நிற்க வேண்டும் என்பது வடிவமைப்பு அளவு.

முதல் சோதனையில் கண், இரண்டாவதில் கண்ணும் கையும், மூன்றாவதில் கால் மட்டும். மூன்றும் சேர்ந்த சோதனை என்று ஒன்று கிடையாது. அந்த இடைவெளியைக் கணினி நிரப்புகிறது. உந்துவிசை சற்றுக் கூட, சென்சார் சற்றுத் தாமதமாக, எடை சற்று மாறி என்று ஆயிரக்கணக்கான விதங்களில் இறங்குதலை மாதிரியில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'இது இவ்வளவுதான் மாறும்' என்று மனிதர் கொடுத்த எல்லைக்குள்தான் கணினி தேடும். 2019-இல் பிழை வந்தது அந்த எல்லைக்கு வெளியிலிருந்து.

நாமக்கல் மண்

நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் இதை அடையாளம் காண, பாறையை உடைத்து அரைத்துச் சலித்து, சுமார் 50 டன் மண் சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோவுக்குப் போனது. இந்தச் செயற்கை மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமை பெற்றது.

ஆற்று மணல் ஏன் ஆகாது? நிலவில் காற்றும் நீரும் இல்லாததால் துகள்கள் உருண்டு தேய்வதில்லை. உடைந்த கண்ணாடி போலக் கூர்மையாகவே கிடக்கும். ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் எவ்வளவு புதையும், கால் எவ்வளவு வழுக்கும் என்பதெல்லாம் இந்த வடிவத்தைப் பொறுத்தது. வேதியியல் பொருந்தினால் மட்டும் போதாது, துகளின் அளவும் முனையும் பொருந்த வேண்டும் என்பதால்தான் அரைப்பதும் சலிப்பதும் அவ்வளவு பெரிய வேலையாகின்றன.

குலுக்கல், ஒலி, மின்காந்தம்

இவை எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் பொதுவான சோதனைகள், சுருக்கமாகச் சொல்லலாம். 2023 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை பெங்களூர் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனை நடந்தது. ஒரு கருவி அனுப்பும் அலை இன்னொன்றின் காதைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது இது. மார்ச் முதல் வாரத்தில் அதிர்வு, ஒலிச் சோதனைகள். ராக்கெட் கிளம்பும்போது எழும் இரைச்சலே மெல்லிய தகடுகளை ஆட்டிவிடும் அளவுக்கு இருக்கும். வெற்றிட வெப்ப அறையில் காற்றை உறிஞ்சிவிட்டுச் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதும் உண்டு.

மற்றவர்கள் விழுந்த இடங்கள்

ஐஸ்பேஸின் முதல் லேண்டர், 2023: வடிவமைப்பு முடிந்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றினார்கள். போகும் வழியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தரை திடீரெனச் சுமார் 3 கிலோமீட்டர் கீழே போனது. உயரமானி சரியாகத்தான் சொன்னது. 'இவ்வளவு திடீர் மாற்றம் வராது, கருவி கெட்டுவிட்டது' என்று மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டது. தரையைத் தொட்டுவிட்டதாகக் கணக்கிட்டபோது கலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. எரிபொருள் தீர, விழுந்தது.

லூனா-25: சுற்றுப்பாதையைத் தாழ்த்த எஞ்சின் 84 நொடி எரிய வேண்டும், 127 நொடி எரிந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டிய முடுக்கமானி இயங்கத் தொடங்கவே இல்லை.

அமெரிக்க நிறுவனத்தின் ஒடிசியஸ் லேண்டர், 2024: உயரம் அளக்கும் லேசரின் பாதுகாப்புப் பூட்டை ஏவுவதற்கு முன் பூமியில் எடுக்க மறந்துவிட்டார்கள். லேசர் நன்றாகவே இருந்தது, எரியத்தான் வழியில்லை. உயரமானி இல்லாமலே இறங்கிச் சாய்ந்தது.

மூன்றிலும் அதே கதை. கருவிக்கும் மென்பொருளுக்கும் நடுவில், கட்டளைக்கும் கருவிக்கும் நடுவில், தரைப்பணிக்கும் பறத்தலுக்கும் நடுவில்.

இறங்கிய பின்: இரவு

விக்ரம் நிலவின் விடியலில் இறங்கத் திட்டமிட்டது தற்செயல் அல்ல. நிலவின் ஒரு பகல் பூமிக் கணக்கில் சுமார் 14 நாள். அதை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். லேண்டரும் ரோவரும் ஒரு பகலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் இறங்கும். பேட்டரியும் சாலிடர் இணைப்புகளும் தாங்காது. செப்டம்பர் முதல் வாரத்தில் உறங்க வைத்த இரண்டும் அடுத்த விடியலில் எழவில்லை. அதைத் தோல்வி என்று சொன்னவர்கள் வடிவமைப்பு இலக்கைப் படிக்காதவர்கள். இரவைத் தாங்க வேண்டுமென்றால் கதிரியக்கத்தால் சூடு தரும் கருவி போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். சீனாவின் சாங்'இ-3, சாங்'இ-4 அப்படித்தான் பல இரவுகளைக் கடந்தன.

அடுத்தது: இணைப்புகள் பெருகும்

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சந்திரயான்-4 நிலவு மண்ணை எடுத்துப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம். ஐந்து கலங்கள், இரண்டு எல்விஎம்-3 ராக்கெட்டுகளில் போகும். விண்வெளியில் சேர வேண்டும், பிரிய வேண்டும், நிலவிலிருந்து எழும்பி மீண்டும் சேர வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையும் சோதிக்கப்பட வேண்டிய புதிய இணைப்பு. இரு கலங்களை இணைக்கும் ஒத்திகையை 2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டம் பூமிச் சுற்றுப்பாதையில் முடித்துவிட்டது.

நிலவிலிருந்து எழும்புவதற்கும் ஒரு சின்ன ஒத்திகை நடந்திருக்கிறது, அதுவும் நிலவிலேயே. 2023 செப்டம்பர் 3-இல், உறங்கப் போவதற்கு முந்தின நாள், விக்ரம், ரோவர் இறங்கிய சரிவுப்பலகையை மடித்துக்கொண்டு, எஞ்சினை மீண்டும் எரித்து, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி இறங்கியது.